நாலாவது வீல் கேப்

விநாயகமூர்த்தி அண்ணன் கார் கழுவுவதைப் பார்க்க நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்திருக்க வேண்டும். கைவைத்த பனியன், முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய கைலி, ஒரு வாளி தண்ணீர். முதலில் கூரை, பிறகு கண்ணாடி, பிறகு கதவு, கடைசியில் சக்கரம். இந்த வரிசை ஒருநாளும் மாறாது. துடைக்கிற துணி அவர் மனைவி குணபூசணியின் பழைய வாயில் சேலை. சில சமயம் அது அவ்வளவு பழையதாகவும் இருக்காது. அதற்கு வீட்டுக்குள் தனியாகச் சண்டை நடக்கும்.

கார் ஒரு மாரிஸ் மைனர். சாம்பல் நிறம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கியது. நான் சொல்லும் இந்த விஷயம் நடந்த காலத்தில் இந்த நாட்டிலேயே செய்த சாகா கார் புதிதாக வந்து ஊரே அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. அண்ணனைப் பார்க்கிறவர்கள் எல்லோரும், "சாகா ஒண்ணு வாங்கிடலாமே" என்பார்கள். அவர் திரும்பிக் காரைப் பார்ப்பார். அதன் காதில் விழுந்திருக்குமோ என்று கவலைப்படுகிறவர் மாதிரி இருக்கும்.

நான் பக்கத்து வீடு. பெயர் புஷ்பவல்லி. தமிழ்ப் பள்ளியில் வேலை என்பதால் தெருவில் எல்லோருக்கும் டீச்சர். இதில் பாதியை நான் கண்ணால் பார்த்தேன். மீதியை அண்ணன் தவறிப்போன பிறகு குணபூசணி சொல்லித் தெரிந்துகொண்டேன். செத்த வீட்டில் வந்தவர்கள் எல்லோரும் அவருடைய நேர்மையைப் பற்றித்தான் பேசினார்கள். அவர் அரசாங்கத்தில் கணக்குத் தணிக்கை அலுவலகத்துக் கிளார்க். ஆபீஸ் பென்சில் ஒன்று தெரியாமல் சட்டைப்பையில் வீட்டுக்கு வந்துவிட்டதென்று பஸ் ஏறிப் போய்த் திருப்பி வைத்துவிட்டு வந்தவர். அந்தப் பென்சில் கதையை ஒருவர் தொடங்கியபோது குணபூசணி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். பின்னாலேயே போய் என்ன என்று கேட்டேன். அழுகிறாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை.

காருக்கு அவர் செய்த மராமத்துகளைச் சொல்ல ஆரம்பித்தால் பொழுது விடிந்துவிடும். அந்தக் காரில் முதலில் திரும்புவதற்குச் சைகை காட்ட, கதவு ஓரத்திலிருந்து ஒரு சின்னக் கை வெளியே நீளும். பாதி நேரம் நீட்டிய கை உள்ளே போகாது. அதைக் கழற்றிவிட்டு டட்சன் காரின் கண்சிமிட்டி விளக்குகளைப் பொருத்தினார். முன் சீட்டுக்குப் பெல்ட் வேண்டும் என்று சட்டம் வந்தபோது எங்கள் தெருவில் முதலில் பெல்ட் மாட்டியவர் அவர்தான். வீட்டு வாசலிலிருந்து முனைக் கடை வரை போவதற்கும் பெல்ட் போடுவார். பிறகு ஆங்கிலேயன் வைத்த டைனமோவை எடுத்துவிட்டு ஜப்பான்காரனுடைய ஆல்டர்னேட்டரை வைத்தார். அதற்காகப் பேட்டரியின் பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாற வேண்டியிருந்தது. அது ஏன் என்று பால்காரர் உட்பட தெருவில் அத்தனை பேருக்கும் விளக்கினார். எனக்கு இரண்டு தடவை விளக்கினார். இன்னும் புரியவில்லை.

அதற்குப் பிறகு கேசட் ரேடியோ வந்தது. சீட்டுக்கு மெரூன் உறை வந்தது. டேஷ்போர்டில் ஒரு குட்டி ஃபேன் வந்தது. எல்லாம் வந்த காலத்தில் ஒன்று போய்விட்டது.

கிளாங் போகிற வழியில் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்ததில் பின்பக்க இடது சக்கரத்தின் வீல் கேப் கழன்று உருண்டு சாக்கடையில் விழுந்துவிட்டது. சக்கரத்தின் நடுவே நட்டுகளை மூடுகிற வட்டமான வெள்ளித் தகடு அது. மாரிஸ் கம்பெனியின் எழுத்துப் பொறித்தது. அண்ணன் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு சாக்கடையில் இறங்கித் தேடியும் கிடைக்கவில்லை. கம்பெனி அந்தக் காரைச் செய்வதையே நிறுத்தி வெகு காலம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து அவர் எங்கே போனாலும் இடது பக்கம் சுவரை ஒட்டி இருக்கும்படிதான் காரை நிறுத்துவார். பின் சீட்டில் இருக்கிற நாங்கள் அந்தப் பக்கம் இறங்க முடியாமல் வலது பக்கமாக ஊர்ந்து இறங்குவோம். சேலை கட்டிக்கொண்டு ஊர்ந்து பாருங்கள், தெரியும்.

இதே மாதிரி இன்னொரு மாரிஸ் மைனர் ஸ்காட் ரோட்டுப் பக்கம் இருந்தது. அது சீவரத்தினம் ஐயாவுடையது. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. ஒரே மகள் நேசம்மா கல்யாணமாகிச் சுபாங் ஜெயாவில் இருந்தாள். அண்ணனுக்கும் இவருக்கும் சிநேகிதமே கார்களால் வந்ததுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேநீருக்கு வருவார். இருவரும் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார்கள். ஒருமுறை அண்ணன் காரின் கார்புரேட்டர் கெட்டுப்போனபோது ஐயா தன் வீட்டில் பத்திரமாக வைத்திருந்த உபரி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். அவர் காருக்கு வேண்டுமே என்று அண்ணன் தயங்கியதற்கு, "உன் கார் ஓடினா என் கார் ஓடின மாதிரிதான் மூர்த்தி" என்றார்.

இந்தச் சீவரத்தினம் ஐயா ஒரு வேடிக்கையான காரியம் செய்திருந்தார். நம் வீடுகளில் எவர்சில்வர் பாத்திரத்தில் பேர் வெட்டுவோம் அல்லவா. கல்யாண வீட்டுக்கு அண்டா குண்டான் எல்லாம் இரவலாகப் போகும். எல்லோருடைய பாத்திரமும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். பேரைப் பார்த்துப் பார்த்துத் திரும்பி வரும். ஊரில் கார்களிலிருந்து வீல் கேப் களவு போகிறது என்று பேச்சு வந்தபோது ஐயா தன் காரின் நாலு வீல் கேப்பையும் கழற்றி ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குப் போனார். அங்கே பாத்திரக் கடை வாசலில் பேர் வெட்டுகிறவரிடம் கொடுத்து, புள்ளி புள்ளியாக 'வ. சீவரத்தினம்' என்று வெட்டிக்கொண்டு வந்துவிட்டார். அதுவும் உள்பக்கம்.

நான் கேட்டேன். "உள்பக்கம் வெட்டினா திருடனுக்கு எப்படி ஐயா தெரியும்?"

"வெளிய வெட்டினா அசிங்கமா இருக்கும் டீச்சர். பாத்திரம் வீட்டுக்குத் திரும்பி வரலையா? அந்த மாதிரி இதுவும் வரும்."

திருடன் கல்யாண வீட்டுக்காரன் இல்லை என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. நாங்கள் நன்றாகச் சிரித்தோம். அண்ணனும் சிரித்தார். கொஞ்ச நாளில் ஐயா சௌகிட்டில் காரை நிறுத்திவிட்டு ஏதோ கடைக்குப் போய்த் திரும்பியபோது அவர் கார் மூன்று கேப்போடு நின்றது. அதற்குப் பிறகு ஊரில் இரண்டு மாரிஸ் மைனர்களும் மூன்று கேப்போடு ஓடின.

கிளாங்கில் பழைய கார்களைப் பிரித்து விற்கிற தம்புசாமி என்பவரிடம் அண்ணன் ஏற்கனவே சொல்லி வைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை போனபோது தம்புசாமி ஒரு சாக்கைப் பிரித்து எடுத்துக் கொடுத்தார்.

"உங்க அதிர்ஷ்டம் லா அங்கிள். ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. நேத்து ஒருத்தன் மூட்டையா கொண்டு வந்து போட்டுட்டுப் போனான்."

"எங்கேருந்து கொண்டு வந்தானாம்?"

"அதெல்லாம் நான் கேக்குறதில்ல அங்கிள். நீங்களும் கேக்காதீங்க."

கணக்குத் தணிக்கை செய்கிற மனிதர் அதற்கு மேல் கேட்கவில்லை. கத்தரிக்காய் வாங்கினால் நாலு பக்கமும் திருப்பிப் பார்க்கிறவர், இந்தத் தகட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் ஐயாவின் நினைவே வரவில்லை என்று குணபூசணியிடம் பின்னால் சத்தியம் செய்திருக்கிறார். எனக்கு நம்பிக்கை இல்லை. திருப்பினால் என்ன இருக்கும் என்று பயந்துதான் திருப்பவில்லை என்று நினைக்கிறேன். அதைக் கையில் வாங்கியபோது அவருக்கு எவ்வளவு சந்தோஷம் இருந்திருக்கும் என்பதையும் நான் நினைத்துப் பார்க்கிறேன்.

அன்று சாயங்காலம் அதை மாட்டிக்கொண்டு தெருவுக்குள் வந்தார். பழைய கேப் போன பிறகு முதல் தடவையாகக் காரை இடது பக்கம் தெருவைப் பார்க்க நிறுத்தினார். நாங்கள் எல்லோரும் வந்து பார்த்தோம். குணபூசணி கேசரி கிண்டிக் கொடுத்தாள். வீல் கேப்புக்குக் கேசரி சாப்பிட்ட ஆட்கள் நாங்கள்.

மறுநாள் காலை வழக்கம்போலக் கழுவினார். புதிதாக வந்ததல்லவா, உள்ளே துரு இருக்கிறதா என்று பார்க்க ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பிக் கழற்றினார். திருப்பினார். அழுக்கைத் துடைத்தார். பேர் இருந்தது.

அப்போது என்ன செய்திருக்க வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அவருக்கும் தெரிந்திருந்தது. சாயங்காலம் ஐயா வருவார், கையில் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாராம். அதுவரை தரையில் கிடக்க வேண்டாமே என்று திரும்ப மாட்டி வைத்தார். இந்த ஒரு காரியத்தில்தான் எல்லாம் கெட்டது. சாயங்காலம் ஐயா வாசலுக்குள் நுழையும்போதே சக்கரத்தைப் பார்த்துவிட்டார்.

"கிடைச்சிருச்சா மூர்த்தி? எங்க?"

"கிளாங்ல அண்ணே."

ஐயா குனிந்து அதைத் தடவிப் பார்த்தார். அவ்வளவு சந்தோஷம் அவர் முகத்தில். தன் காருக்குக் கிடைத்த மாதிரி. "ஒரு கீறல் இல்ல பாரு. அடுத்த தடவ போறப்ப எனக்கும் ஒண்ணு இருக்கான்னு பாரு, என்ன."

"பாக்குறேன் அண்ணே."

நான் அப்போது வாசலில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். இந்தப் பேச்சு என் காதில் விழுந்தது. சாதாரணப் பேச்சாகத்தான் பட்டது. 'இது உங்களோடதுதான்' என்ற வார்த்தை அண்ணனின் தொண்டை வரை வந்து நின்றது எனக்கு எப்படித் தெரியும். நேற்று ஊரைக் கூட்டிக் காட்டியாயிற்று. கேசரி சாப்பிட்டாயிற்று. திருட்டுச் சாமானை விசாரிக்காமல் வாங்கினேன் என்று இப்போது எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் யோசித்தார். ஒரு வாரம் போன பிறகு, ஒரு வாரம் ஏன் சொல்லவில்லை என்பதற்கும் பதில் வேண்டியிருந்தது. அப்படியே மாதங்கள் போயின.

ஒருநாள் அதைக் கழற்றி உள்பக்கம் முழுக்கக் கறுப்புப் பெயின்ட் அடித்தார். துருப் பிடிக்காமல் இருக்க என்று குணபூசணியிடம் சொன்னார். அவள் ஏதும் அறியாமல், "மத்த மூணுக்கும் அடிக்கலாமே" என்றாளாம். அவருக்குக் கோபம் வந்து கத்தினாராம். காரைப் பற்றிப் பேசி அவர் கத்தியது அதுதான் முதல் தடவை. பேரைச் சுரண்டி எடுக்க அவருக்குக் கை வரவில்லை. சுரண்டினால் திருடன் ஆகிவிடுவோம், பெயின்ட் அடித்தால் ஆகமாட்டோம் என்று நினைத்தார் போலிருக்கிறது. படித்த மனிதர்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்கிற சமாதானங்களைக் கேட்டால் எனக்கு எரிச்சலாக வரும்.

ஐயா விடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் கேட்பார். "ஏதாச்சும் கிடைச்சதா மூர்த்தி?" முதலில் இல்லை என்று மட்டும் சொன்னார். போகப்போக இல்லை என்பது போதாமல் போனது. தம்புசாமி அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார் என்றார். கெப்போங்கில் ஒருவரிடம் கேட்டேன், அவரிடம் இருந்தது வேறு மாடல் என்றார். கெப்போங்குக்கு அவர் போகவே இல்லை. ஐயா ஒவ்வொன்றையும் நம்பி, "எனக்காக எவ்வளவு அலையுற நீ" என்பார். அண்ணன் அடுத்த வாரம் ஐயாவுக்கு மங்குஸ்தான் வாங்கிக்கொண்டு போவார், பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் வாங்கிக்கொண்டு போவார். சிநேகிதம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நான் என் வீட்டில் பேசியிருக்கிறேன்.

அதோடு, கார் கழுவுகிற ஞாயிற்றுக்கிழமையில் பழைய களை இல்லை. பின்பக்க இடது சக்கரத்துக்கு வரும்போது வாளியில் மிச்சமிருக்கிற தண்ணீரை அப்படியே ஊற்றிவிட்டு எழுந்துவிடுவார். வயசாகிறது, முதுகு வலி என்று நினைத்தோம்.

கிளாங்கில் குணபூசணியின் சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது. சனிக்கிழமை காலை. அண்ணனும் குணபூசணியும் போனார்கள், என்னையும் கூப்பிட்டார்கள். சீவரத்தினம் ஐயாவும் கூட வந்தார். கண் பார்வை சரியில்லை, அவ்வளவு தூரம் தனியாக ஓட்டாதீர்கள் என்று நேசம்மா தடுத்திருந்தாள். முன் சீட்டில் அண்ணனும் ஐயாவும், பின்னால் நாங்கள் இருவரும். கேசட்டில் நாதஸ்வரம். குட்டி ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. சுபாங் ஜெயாவைத் தாண்டியதும் கார் ஒரு பக்கமாக இழுக்க ஆரம்பித்தது. அண்ணன் ஓரம் கட்டினார். இறங்கிப் பார்த்தால் பின்பக்க இடது டயர் தரையோடு ஒட்டிக் கிடந்தது.

அண்ணனுக்கு முகம் மாறிவிட்டது. பஞ்சருக்கு யாராவது இப்படி ஆவார்களா என்று நான் நினைத்தேன்.

"நீங்கல்லாம் அந்த மரத்தடியில போய் நில்லுங்க. நான் பாத்துக்குறேன்" என்றார்.

"பட்டு வேட்டிய கட்டிக்கிட்டு நீ எப்படிப் பாப்ப?" ஐயா பேன்ட் போட்டிருந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டார். "நீ ஜேக்கிய மட்டும் எடுத்துக் குடு."

"வேணாம் அண்ணே. உங்க கை அழுக்காயிரும்."

"என் கைக்கு என்ன புதுசா? தள்ளு லா."

"சொன்னா கேளுங்க அண்ணே, நான் பண்ணுறேன்." அண்ணன் அவர் தோளைப் பிடித்தே இழுத்தார். ஐயா சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். லாரிகள் காரை உரசுகிற மாதிரி போய்க்கொண்டிருந்தன. வெயிலில் தார் வாசனை. நான் ஐயாவின் தலைக்குக் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

ஸ்குரூ டிரைவரை விட்டு ஒரு நெம்பு. கேப் கழன்று வந்தது. டயர் மாற்றுகிறவர்கள் எல்லோரும் செய்கிறதையே ஐயாவும் செய்தார். கழற்றும் நட்டுகள் மண்ணில் தொலையாமல் இருக்கக் கேப்பை மல்லாத்தி, கிண்ணம் மாதிரி தன் முன்னால் வைத்தார். முதல் நட்டைக் கழற்றி அதில் போட்டார். அப்போது கேப்புக்குள் பார்த்தார். அவருக்குக் கண் சரியில்லை. கையில் எடுத்து முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். குடைக்குக் கீழே இருந்ததால் எனக்கும் தெரிந்தது. கறுப்புப் பெயின்டுக்குள் புள்ளிகள் குழி குழியாக அப்படியே இருந்தன. அவர் கட்டைவிரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவினார். 'வ'விலிருந்து கடைசி வரைக்கும் தடவினார்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் ஜேக்கியைக் கையில் வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றார்.

ஐயா கேப்பைக் கீழே வைத்தார். அடுத்த நட்டைக் கழற்றி அதில் போட்டார். அது டங்கென்று விழுந்தது. இன்னொன்று. டயரை மாற்றி, நட்டுகளை முடுக்கி, கேப்பைப் பொருத்தி உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினார். நான் பாட்டிலில் இருந்த தண்ணீரை ஊற்றக் கையைக் கழுவினார்.

"போலாமா? முகூர்த்தம் தவறிடும்" என்றார்.

கிளாங் போய்ச் சேரும் வரை கேசட் மட்டும்தான் பாடியது. கல்யாண வீட்டில் ஐயா எல்லோரிடமும் வழக்கம்போலப் பேசினார், சாப்பிட்டார், மொய் வைத்தார். அண்ணன் கைகழுவுகிற இடத்தில் ஓரமாக நின்றுகொண்டே இருந்தார். திரும்பி வரும்போது ஐயா நேசம்மா வீட்டுக்குப் போகவேண்டும் என்று சொல்லி வேறு யாருடைய காரிலோ ஏறிக்கொண்டார். நான் பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. என்ன நடந்திருக்கும் என்று பாதி புரிந்தது. பாதி புரிய வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் குணபூசணி அவரைக் கேட்டிருக்கிறாள். அவள் மரத்தடியில் நின்றதால் எதையும் பார்க்கவில்லை. ஆனால் தன் புருஷனின் முகத்தைப் பார்த்திருந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார், பெயின்ட் வரைக்கும்.

"அந்த மனுஷன் கார்புரேட்டரயே தூக்கிக் குடுத்தாரே" என்றாள் குணபூசணி. அவளுக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம். அவருடைய வெட்கத்தில் தனக்கும் பாதி பங்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது என்றாள். "நாளைக்குக் கொண்டு போய்க் குடுங்க. குடுத்தா மட்டும் பத்தாது. வாயத் தொறந்து சொல்லணும். சொல்லிட்டு வாங்க."

"சொல்லிடுறேன்."

"அவர் ரெண்டு அடி அடிச்சாலும் வாங்கிட்டு வாங்க."

ஞாயிறு காலை அண்ணன் கார் கழுவவில்லை. கேப்பைக் கழற்றி மண்ணெண்ணெயில் துணியை நனைத்துப் பெயின்டைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தார். பேர் பளிச்சென்று வந்தது. நியூஸ் பேப்பரில் சுற்றிக்கொண்டு ஸ்காட் ரோட்டுக்கு நடந்தே போனார். 'அண்ணே, இது உங்களோடது. வாங்கின மறுநாளே எனக்குத் தெரியும். நான் மறைச்சிட்டேன்.' இதை வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாராம்.

நேசம்மா கேட்டைத் திறந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் பிள்ளைகளோடு அப்பா வீட்டில்தான் சமைப்பாள். ஐயா வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் பேப்பர் பொட்டலத்தை அவர் கையில் கொடுத்தார். ஐயா பிரித்தார். திருப்பினார். பெயின்ட் போயிருந்ததைப் பார்த்தார். பிறகு அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் பிழைத்திருப்பேன் என்று அண்ணன் பின்னால் சொன்னாராம். கோபமே இல்லை. நீ சொல், நான் கேட்கிறேன் என்று காத்திருக்கிற பார்வை.

அண்ணன் வாயைத் திறந்தார். அதற்குள் நேசம்மா அப்பாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டாள்.

"அப்பாவோட பேரு. அப்பா, இது நம்மளோடதுப்பா." அவள் குழந்தை மாதிரி கை தட்டினாள். "எங்க அங்கிள் கிடைச்சது? அப்பா இதுக்காகத் தேடாத இடமில்ல."

ஐயா கேப்பை மடியில் வைத்துக்கொண்டு அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிளாங்ல" என்றார் அண்ணன். "ஒரு பழைய சாமான் கடையில. நேத்துத்தான்."

நேற்று முழுக்க யாரோடு கிளாங்கில் இருந்தாரோ அவர் முகத்தைப் பார்த்தே சொன்னார். வேண்டுமென்று சொல்லவில்லையாம். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், தானாகச் சொல்லிவிட்டதாம்.

"கல்யாணத்துக்குப் போன இடத்துல இதுக்காகக் கடைக்குப் போனீங்களா? பாருங்கப்பா, மூர்த்தி அங்கிள் எவ்வளவு அக்கறையா கொண்டு வந்திருக்காரு." நேசம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நீங்க சாப்பிடாமப் போகக் கூடாது அங்கிள். நண்டு வச்சிருக்கேன்."

ஐயா மெல்ல எழுந்தார். "ஆமா. சாப்பிட்டுட்டுப் போ மூர்த்தி" என்றார். தன் காருக்குப் போய்க் குனிந்து அந்தக் கேப்பைத் தானே மாட்டினார். திரும்பி வந்து கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தார்.

மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நேசம்மா அண்ணன் தட்டில் நண்டை எடுத்து எடுத்து வைத்தாள். இந்தக் காலத்தில் இப்படிப்பட்ட சிநேகிதர் யாருக்குக் கிடைப்பார் என்று பிள்ளைகளிடம் சொன்னாள். ஐயா தலையைத் தூக்கவே இல்லை. சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். பார்க்கிறவர்களுக்குத் தப்புச் செய்தவர் அவர்தான் என்று தோன்றியிருக்கும்.

கேட் வரைக்கும் ஐயா கூட வந்தார். நேசம்மா உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் யாரும் இல்லை. அண்ணன் அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஐயா கேட்டைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நின்றதே அதற்காகத்தான் என்று குணபூசணி சொல்கிறாள். அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டே இருந்தார்.

"இனிமே கிளாங் போனா எனக்காகத் தேட வேணாம் மூர்த்தி" என்றார் ஐயா. "நாலும் வந்திருச்சு."

கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு அவர் ஞாயிற்றுக்கிழமைத் தேநீருக்கு வரவில்லை. கோயிலில் பார்த்தால், "சுகமா இருக்கியா மூர்த்தி?" என்று கேட்பார். அண்ணனும், "சுகம் அண்ணே" என்பார்.

அன்று வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்த அண்ணனுக்காகக் குணபூசணி சாப்பிடாமல் காத்திருந்தாள். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும் வரை பொறுத்தாள்.

"சொன்னீங்களா?"

"நேசம்மா சாப்பாடு போட்டா" என்றார் அண்ணன். "நண்டு."

குணபூசணி அவருக்கென்று மூடி வைத்திருந்த சோற்றில் தண்ணீரை ஊற்றி வைத்தாள்.